குப்பியைக் காட்டும் மதாம்

1985 அக்டோபர் 28, திங்கட்கிழமை. காலை ஐந்தரைக்கு எழுந்தேன். இரவு பெய்த மழையில் தெருவில் தண்ணீர் தேங்கியிருந்தது. பால் வாங்கி வந்து காபி போட்டேன். முந்தின மாலைதான் மலையிலிருந்து பஸ்ஸில் திரும்பியிருந்ததால், பையில் கிடந்த ஈரத் துணிகளைப் பிழிந்து கொடியில் விரித்தேன். சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டேன். லாஸ்பேட்டையிலிருந்து தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டைக்குப் போகும் வழியில், வழக்கமான வண்டியில், வழுக்கை விழாத இளநீராகப் பார்த்து நான்கு வாங்கிப் பின்னால் கட்டினேன். எட்டு மணிக்கு ஆய்வுக்கூடத்தின் முன்கதவைத் திறந்தேன். எங்கள் திங்கட்கிழமைகள் எல்லாம் இப்படித்தான் தொடங்கும். வளர்ப்பு அறைக்குள் போய்த் தட்டுகளின் மேலிருந்த கறுப்புத் துணியை விலக்கும்வரை அந்தத் திங்கட்கிழமையும் அப்படித்தான் இருந்தது.

துணிக்கு அடியில் பார்த்ததைச் சொல்ல வேண்டுமானால் மதாமைப் பற்றி முதலில் சொல்லியாக வேண்டும்.

மதாமின் பெயரை நான் எழுதப்போவதில்லை. நாங்கள் யாரும் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை, பிரெஞ்சு வழக்கில் 'மதாம்', அதாவது அம்மா, என்றுதான். புதுச்சேரியில் பிறந்து, பிரான்சில் தாவரவியல் படித்து, அங்கேயே ஆய்வுக்கூடங்களில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, நாற்பத்தைந்து வயதில் இரண்டு பெட்டிகளோடும் ஒரு நுண்ணோக்கியோடும் திரும்பி வந்தவர். பருத்திப் புடவைக்கு மேல் வெள்ளைக் கோட்டு, வலது கையில் கடிகாரம், தோளில் ஒரு துணிப்பை. நான் பஞ்சாலையில் நூலின் முறுக்கைச் சோதிக்கும் பிரிவில் இருந்தவன். ஆலையில் வேலை போன பிறகு அவரிடம் சேர்ந்தேன். சர்க்கரையும் உப்புகளும் இளநீரும் அளந்து, கூழாக உறைய வைக்கும் அகர் சேர்த்துக் காய்ச்சிக் குப்பிகளில் ஊற்றுவது என் வேலை. பஞ்சடைத்த அந்தக் குப்பிகளுக்குள்தான் கொக்கோ மரத்தின் சிறு துண்டுகள் வளர்ந்தன.

மதாமிடம் ஒரு குணம் இருந்தது. ஒன்றைத் தான் பார்த்தது அவருக்குப் போதாது. இன்னொருவர் வந்து, கண் வைத்துப் பார்த்து, "ஆமாம்" என்று சொல்லும்வரை அது நடந்ததாகவே அவருக்குப் படாது. நுண்ணோக்கியில் எதையாவது கண்டுவிட்டால் நாற்காலி பின்னால் சாயும் சத்தம் கேட்கும். அடுத்த நிமிடம் வாசலில் நின்று, "ரெகார்தே, ரெகார்தே" என்பார். பிரெஞ்சில் அதற்குப் 'பாருங்கள்' என்று பொருள். யாரைச் சொல்கிறார் என்பது வாசலில் யார் அகப்படுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. தபால்காரர், கேஸ் சிலிண்டர் கொண்டு வருபவர், பக்கத்து லேத்துப் பட்டறையில் போல்ட் வாங்க வந்தவர், எல்லாரும் அந்த நுண்ணோக்கியின் மேல் குனிந்திருக்கிறார்கள். பட்டறைக்காரர் கோவிந்தன் அவருக்கு 'ரெகார்தே அம்மா' என்று பெயர் வைத்திருந்தார். மதாமுக்கும் அது தெரியும்.

ஒருநாள் மின்சார மீட்டர் குறிக்க வந்தவரைப் பிடித்து உட்கார வைத்தார். அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"கறுப்பா முள்ளு முள்ளா நிக்குது மேடம்."

"அது உங்க இமை. கொஞ்சம் தலையைத் தூக்குங்க. இப்போ?"

அவர் தலையைத் தூக்கினார். பிறகு நாங்கள் யாரும் இருப்பதையே மறந்துவிட்டார். அதற்குப் பின் மீட்டர் குறிக்க வேண்டாத நாட்களிலும், "இன்னிக்கு என்ன ஆயிருக்கு?" என்று கேட்டுக்கொண்டு வர ஆரம்பித்தார். எனக்கு இது பிடிக்கவில்லை. ஒவ்வொரு ஆளும் செருப்பிலும் தலைமுடியிலும் கொஞ்சம் புழுதியைக் கொண்டுவருகிறான். குப்பிக்குள் இருக்கும் சர்க்கரைக் கூழ் நமக்கு எவ்வளவு ருசியோ அவ்வளவு ருசி பூஞ்சணத்துக்கும். ஒரு தூசு விழுந்தால் போதும், மூன்று நாளில் குப்பி முழுக்கப் பச்சைப் பஞ்சு. இதைச் சொல்லிக் கொடுத்தவரே மதாம்தான். வளர்ப்பு அறைக்குள் நுழைய அவர் வைத்திருந்த சட்டங்கள் கடுமையானவை. செருப்பு வெளியே. தலைக்குத் துணி. முழங்கை வரை ஸ்பிரிட். பேச்சு கூடாது. அத்தனையையும் வைத்துவிட்டு, வாசலில் போகிறவனைக் கூப்பிடுவார். என்னை அவர் 'மிஸியே' என்பார், ஐயா என்பது போல. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால், "மிஸியே, நுண்ணோக்கி இருக்கிறது முன் அறையிலதானே" என்பார். சரிதான். ஆனால் மகிழ்ச்சி அதிகமாகும் நாட்களில் அவருக்கு முன் அறை எது, உள் அறை எது என்பது கலங்கிப்போகும்.

என்ன அப்படிப் பெரிய மகிழ்ச்சி என்று கேட்கலாம். மலையில் கொக்கோத் தோட்டம் வைத்திருந்த ஒருவர்தான் எங்கள் முதலாளி. அவருடைய தோட்டத்தில் ஒரு மரம் இருந்தது. மழைக்காலத்தில் மற்ற மரங்களின் காய்கள் கறுத்து அழுகும்போது அது மட்டும் அடிமரம் தொடங்கி உச்சிவரை தங்க நிறத்தில் காய்த்து நிற்கும். அதன் விதையைப் போட்டால் தாயைப் போல வருவதில்லை. ஒட்டுக் கட்டியவை கோடையில் கருகிப்போயின. மதாம் அதற்கு வேறு வழி சொன்னார். காய் பிஞ்சாக இருக்கும்போது உள்ளே விதையும் பிஞ்சு. அந்தப் பிஞ்சு விதைக்குள், கருவைச் சுற்றி, கண்ணாடி போல ஒரு சதை உண்டு.

"கரு பிள்ளை. அதுக்கு அப்பன் எந்த மரமோ, தெரியாது. சுத்தி இருக்கிற சதை மட்டும் முழுக்க அம்மா" என்பார்.

அந்தச் சதையை நகக்கண் அளவுக்கு எடுத்துக் குப்பியில் வைத்தால் அது முதலில் உருவமில்லாத கட்டியாகப் பெருகும். கூழின் அளவுகளை மாற்றி மாற்றிக் கொடுத்தால், ஒரு நல்ல நாளில், அந்தக் கட்டியின் மேல் கருக்கள் முளைக்கும். பூவும் இல்லாமல், மகரந்தமும் இல்லாமல், உடம்பிலிருந்தே கரு. ஒவ்வொன்றும் அந்த ஒரே மரம்.

இதை முதன்முதல் பார்த்தவர்களில் ஒருத்தி அஞ்சலாட்சி. குருசுக்குப்பத்துக்காரி, எங்களிடம் குப்பி கழுவுகிறவள். அவள் புருஷன் கட்டுமரத்தில் போகிறவர். மதாம் அவளைத்தான் எப்போதும் முதலில் கூப்பிடுவார், கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவள் என்பதால். கருவின் பருவங்களுக்கு மதாம் புத்தகத்தில் உள்ள பிரெஞ்சுப் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தார். அஞ்சலாட்சி ஒரு கண்ணால் பார்த்துவிட்டு, உருண்டையாக இருந்ததைக் கடுகு என்றாள். இரண்டு பக்கமும் தோள் வந்து நடுவில் பள்ளம் விழுந்ததை வெற்றிலை என்றாள். நீண்டு, ஒரு முனை கூராகி, பால் நிறத்தில் பளபளத்ததை, "இது நெத்திலிதான், வேற இன்னா" என்றாள். மதாம் கை தட்டினார். அன்றிலிருந்து அந்த ஆய்வுக்கூடத்தில் கடுகு, வெற்றிலை, நெத்திலி என்ற பெயர்கள்தான். முதலாளிக்கு எழுதும் அறிக்கையில் மட்டும் மாற்றி எழுதுவேன்.

இனி துணிப்பை. அதில் பெரும்பாலும் ஒரு குப்பி இருக்கும். கைவிட்ட குப்பி அல்ல, உயிருள்ள நல்ல குப்பி. பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை பதினாலாம் தேதி கடற்கரையில் பழைய பிரெஞ்சுச் சிப்பாய்கள் பதக்கம் குத்திக்கொண்டு அணிவகுத்து வருவார்கள். ஒரு வருடம் நானும் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். அணிவகுப்பு கலைந்ததும், வயதான ஒரு சொல்தாவின் வழியை மறித்துக்கொண்டு மதாம் நிற்பதைக் கண்டேன். சிப்பாய்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அந்தச் சொல்தா குப்பியைச் சூரியனுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணைச் சுருக்கி, இந்தோசீனாவில் துப்பாக்கி பிடித்த கை ஆடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத துன்னலாமாம்மா?" என்று கேட்டார்.

"இன்னும் அஞ்சு வருஷம் கழிச்சு, மரமாயிக் காய்ச்சா, சாக்லேட்டா துன்னலாம்."

"அஞ்சு வருஷம் நான் எங்க இருக்கப்போறேன்" என்று சிரித்துக்கொண்டே குப்பியைத் திருப்பித் தந்தார். மதாம் அவர் போகும் திசையையே பார்த்துக்கொண்டு நின்றார். "பாத்துட்டார், மிஸியே" என்றார் என்னிடம், பெரிய காரியம் ஒன்று முடிந்தது போல.

என் இளைய மகள் பிறந்தபோது பிரசவ ஆஸ்பத்திரிக்கு வந்தார். கையில் ஆரஞ்சுப் பழம். குழந்தையைக் கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தார். என் மாமியார் பெருமையோடு பக்கத்தில் நின்றார். மதாம் நிமிர்ந்து, இவளும் கடுகாக இருந்து, வெற்றிலையாகி, நெத்திலியாகித்தான் வந்திருக்கிறாள் என்று ஆனந்தமாக விளக்கத் தொடங்கினார். அவர் போனபின் என் மாமியார் ஆரஞ்சை என் பக்கம் தள்ளிவிட்டு, "புள்ளையப் பாத்து மீனுன்னு சொல்றாளே, யாரு இவ?" என்று கேட்டார். ஆனால் அன்று மாலை நானே குழந்தையின் கால்களை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

அந்தக் குணத்துக்கு ஒருமுறை அவர் விலை கொடுக்க வேண்டியிருந்தது. அந்த அக்டோபருக்கு ஒரு வருடம் முன்னால் ஒரு குப்பியில் கருவிலிருந்து வெள்ளை வேர் இறங்கியது. மதாம் அன்றே முதலாளிக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டார். இரண்டு நாள் பொறுக்கலாம் என்று நான் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. முதலாளி கூடை நிறையப் பழத்தோடு மலையிலிருந்து வந்து இறங்கினார். அவர் வந்து பார்ப்பதற்குள் வேர் மட்டும் நீண்டுகொண்டே போய், மேலே துளிர் வராமல், முனையிலிருந்து கறுக்கத் தொடங்கியிருந்தது. தளிரில்லாத வேர். மதாம் அதையும் அவருக்கு விருப்பத்தோடு காட்டினார், எந்த இடத்தில் தவறியது என்று விரல் வைத்து. முதலாளி கண்ணியமானவர். பழத்தை எங்களுக்குப் பங்கு வைத்துக் கொடுத்துவிட்டுப் புறப்படும்போது சொன்னார்: "இனிமே செடி மண்ணுல நின்னா சொல்லுங்கம்மா. அதுவரைக்கும் என்னைக் கூப்பிடாதீங்க."

பிறகு அவர் எங்களைக் கூப்பிட்டார். 1985 அக்டோபர் நடுவில் தந்தி வந்தது. அந்த மரம் சாய்ந்துவிட்டது. மதாமும் நானும் அடுத்த பஸ்ஸில் புறப்பட்டோம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அது விழுந்து வெகுநாள் ஆகியிருந்தது. தகவல்தான் தாமதமாக வந்திருக்கிறது. வேர் அழுகி, அடியோடு ஒடிந்து, இலைகள் சருகாகிக் கிடந்தது. ஒட்டுக் கட்ட ஒரு பச்சை மொட்டு கிடைக்குமா என்று கிளை கிளையாகக் கீறிப் பார்த்தோம். நாள் நாளாகத் தங்கிப் பார்த்தோம். எல்லாம் பழுப்பு. காய்கள் மண்ணில் கரைந்திருந்தன. முதலாளி குடையோடு பக்கத்தில் நின்றார். கொக்கோவைப் பிடுங்கிவிட்டு ரப்பர் வைக்கச் சொல்லி மகன்கள் வற்புறுத்துவதாகவும், இந்த ஒரு மரத்தை நினைத்துத்தான் தள்ளிப்போட்டதாகவும் சொன்னார். மதாம் அவரிடம் சொன்னது ஒரு வாக்கியம்தான்.

"மரம் இங்க இல்லீங்க. தட்டாஞ்சாவடியில இருக்கு."

திரும்பும் வழியெல்லாம் பஸ்ஸில் அவர் தூங்கவில்லை. எங்கள் குப்பிகளில் அப்போது நெத்திலிப் பருவத்தில் நிறையக் கருக்கள் இருந்தன. இந்த முறை தளிர் வரும் என்பதற்கான அடையாளங்களும் தெரிந்தன. அவற்றைத் தவிர உலகத்தில் அந்த மரம் இல்லை.

அந்தத் திங்கட்கிழமை காலையில் நான் கறுப்புத் துணியை விலக்கியபோது ஒவ்வொரு குப்பியின் பஞ்சடைப்பிலும் ஒரு சந்தனப் பொட்டு இருந்தது. நடுவில் குங்குமம்.

நாங்கள் மலையில் இருந்தபோது ஆயுத பூஜை வந்துபோயிருந்தது. தொழிற்பேட்டையில் அன்று பொட்டு வைக்காத இயந்திரம் இராது. லேத்து, கிரைண்டர், தராசு, சைக்கிள் பம்ப் எல்லாவற்றுக்கும் உண்டு. சாவி அஞ்சலாட்சியிடம் இருந்தது. கோவிந்தன் பட்டறையில் பொரி வாங்கிக்கொண்டு திரும்பியவளுக்கு, எல்லா இடத்திலும் பூஜை நடக்க, நம் குப்பிகள் மட்டும் இருட்டில் சும்மா இருக்கின்றனவே என்று பட்டிருக்கிறது. குளித்து, தலைக்குத் துணி கட்டி, ஸ்பிரிட் தடவி, சட்டப்படிதான் உள்ளே போயிருக்கிறாள். ஈரச் சந்தனத்தைப் பஞ்சில் வைத்திருக்கிறாள். பஞ்சு உலர்ந்திருக்கும்வரைதான் காவல். நனைந்துவிட்டால் அதுவே பூஞ்சணத்துக்கு ஏணி. ஐந்தாறு நாளில் அது இறங்கியிருந்தது. சில குப்பிகளில் வெள்ளை இழை, சிலவற்றில் பச்சைப் பொடி, ஒன்றிரண்டில் கரி போன்ற கறுப்புப் புள்ளி. பாதிக்கு மேல் போயாகிவிட்டது. மீதியிலும் இறங்கிக்கொண்டிருந்தது.

மதாம் வந்தார். நான் விலகி நின்றேன். அவர் ஒரு தட்டின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நடந்தார். அஞ்சலாட்சி அவருக்குப் பின்னால் வந்து, அவர் முகத்தைப் பார்க்காமல் குப்பிகளைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

"யாரு வச்சது?" என்றார் மதாம்.

"நான்தான் மதாம்." அவள் குரல் இறங்கிவிட்டது. "கண்ணாடியில வச்சா உள்ள தெரியாது, நீங்க வர்றவங்க போறவங்களுக்குக் காட்டுவீங்க. அதான் பஞ்சுல வச்சேன்."

எனக்குக் கோபம் வந்தது. மதாமுக்கு வரவில்லை. அவர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். "சரியா யோசிச்சிருக்கே" என்றார். கேலி இல்லை. பிறகு ஒரு குப்பியை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தார். உள்ளே பூஞ்சணத்தின் இழைகள் கூழின் மேல் விரிந்து, கருக்கட்டியை நோக்கி வந்து, இன்னும் தொடாமல் நின்றன.

"ரெகார்தே, மிஸியே. இன்னும் தொடல. என்ன அழகா வருது பாருங்க."

அந்த நிமிடத்தில் அதை அழகு என்று சொன்ன மனிதரோடு எப்படி வேலை பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவர் காட்டிய இடத்தைப் பார்த்தேன். நெத்திலிகள் வெள்ளையாக, முழுசாக இருந்தன. இழைக்கும் அவற்றுக்கும் நடுவில் ஒரு நகத்தின் அகலம் மிச்சம்.

"தொடறதுக்கு முன்ன எடுத்துடுவோம். இன்னிக்கே" என்றார்.

அதன் பிறகு நடந்ததை நினைத்தால் இன்றும் எனக்கு மூச்சு வேகமாகிறது. தொடாத கருக்கள் ஒவ்வொன்றையும் இடுக்கியால் எடுத்து, சலவைத் தூளை, அதாவது பிளீச்சிங் பவுடரை, கரைத்து வடிகட்டிய தெளிநீரில் சற்று நேரம் முக்கி, காய்ச்சி ஆற்றிய நீரில் மூன்று முறை அலசி, புதுக் கூழில் வைக்க வேண்டும். சலவை நீர் கூடினால் கரு வெந்துவிடும். குறைந்தால் பூஞ்சணம் பிழைத்துவிடும். அதற்குக் குப்பிகள் வேண்டும், கூழ் வேண்டும். எல்லாம் ஒரே நாளில். நான் இளநீரைச் சீவி வடிகட்டி, அளந்து, மறுபடி அளந்து காய்ச்சினேன். பத்து மணிக்கு மின்சாரம் போயிற்று. கோவிந்தன் தன் லேத்தை நிறுத்திவிட்டு வந்து, கூழையும் குப்பிகளையும் அவிக்கும் எங்கள் பெரிய குக்கரைத் தூக்கிக்கொண்டு போய்ப் பட்டறையில் இரண்டு பம்ப் அடுப்புகளின் மேல் வைத்தார். மழை தகரக் கூரையில் அடித்த அடியில் நாங்கள் பேசியது எங்களுக்கே கேட்கவில்லை. அவருடைய ஆட்கள் குக்கரின் விசில் தணியக் காத்திருந்து, ஈரச் சாக்கால் பிடித்துக் குப்பிகளை ஓட்டமாகக் கொண்டுவந்தார்கள். மதாம் ஒரு கண்ணாடிப் பெட்டியின் முன், கைகளை மட்டும் உள்ளே விட்டு, ஸ்பிரிட் விளக்கின் நீலச் சுடரை ஒட்டி வேலை செய்தார். ஒவ்வொரு கருவும் புதுக் கூழில் அமரும்போது உதடு மட்டும் அசைந்தது. என்ன சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். யாரையும் கூப்பிட நேரமில்லாததால் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார்.

நடுப்பகலில் குழாயடியில் அஞ்சலாட்சி குப்பிகளைக் கழுவி அடுக்கிவிட்டுக் கையைத் துடைத்தாள். "நாளையிலேந்து நான் வரல அண்ணே. என் கை பட்டது போதும்" என்றாள். நான் ஏதோ சொல்வதற்குள் மழையிலேயே இறங்கிப் போய்விட்டாள். மதாமின் கை பெட்டிக்குள் இருந்தது. அப்போது நான் சொல்லவில்லை.

மாலையில் கடைசிக் கருவை வைத்தார். மாற்றிய குப்பிகள் தட்டில் வரிசையாக நின்றன. மதாம் கோட்டைக் கழற்றாமலே, வழக்கம் போல, "ரெகார்தே" என்று திரும்பினார். அவள் எப்போதும் நிற்கிற இடம் காலியாக இருந்தது. நான் நடந்ததைச் சொன்னேன். அவர் வாசல்வரை போய்த் தெருவைப் பார்த்துவிட்டு வந்தார். கோவிந்தன் பார்த்தார், அவர் ஆட்கள் பார்த்தார்கள், நானும் பார்த்தேன். எங்களில் யாரையும் அவர் வரிசைப் பக்கம் அழைக்கவில்லை. தானும் திரும்பிப் பார்க்காமல் கறுப்புத் துணியை இழுத்து மூடினார்.

கொக்கோவுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. காயம் பட்டால் கறுத்துவிடும். கறுத்தது பிழைக்காது. சலவை நீரில் முக்கி எடுத்த கருக்கள் கறுக்குமா, பால் நிறத்திலேயே நிற்குமா என்பது ஒரு இரவுக்குள் தெரிந்துவிடும். "நாளைக்கு நான் வர்ற வரைக்கும் துணியை எடுக்காதீங்க, மிஸியே" என்று மட்டும் சொன்னார்.

அவற்றில் எவை தளிர்விட்டன, எவை மண்ணில் நின்று மலைக்குப் போயின, முதலாளி அந்தத் தோட்டத்தைக் கொக்கோத் தோட்டமாகவே வைத்திருந்தார் என்பதெல்லாம் பின்னால் நடந்தவை. அன்றிரவு எங்களுக்கு அதில் எதுவும் தெரியாது.

1985 அக்டோபர் 29, செவ்வாய்க்கிழமை. மழை விட்டிருந்தது. எட்டு மணிக்கு முன்பே நான் போய்விட்டேன். கதவைத் திறந்து, உள் அறைக்குப் போகாமல், வாசல்படியில் நின்றேன். கோவிந்தனும் பட்டறையைத் திறக்காமல் வந்து நின்றார். மதாம் எப்போதும் எனக்குப் பின்னாலேயே வந்துவிடுபவர். அன்று அவரைக் காணவில்லை. நெடுநேரம் கழித்து அவருடைய மொபெட் சத்தம் கேட்டது. பின்னால் அஞ்சலாட்சி, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தாள். மதாமின் புடவையின் கீழ்ப்பகுதி முழுக்கக் கடற்கரை மணல். குருசுக்குப்பத்தில் வலை காயப்போட்டிருந்த இடத்தில் அவர் நெடுநேரம் நின்று பேசியிருக்கிறார் என்று அஞ்சலாட்சி பிற்பாடு சொன்னாள்.

படியருகே வந்தும் அவள் ஏறவில்லை.

"நான் பாத்தா ஆவாது மதாம். நீங்க போய்ப் பாருங்க."

"நான் இன்னும் பாக்கல. மிஸியேவும் பாக்கல. நீ பாத்து வந்து சொல்லு."

"கறுத்திருந்தா?"

"கறுத்திருந்தாலும் நீ பாத்துட்டு வந்து சொல்லு. அப்பத்தான் எனக்கு அது நடந்ததாகும்."

அஞ்சலாட்சி கோவிந்தனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு கழுவுமிடத்துக்குப் போய் முழங்கைவரை சோப்பும் ஸ்பிரிட்டும் போட்டாள். தலைக்குத் துணி கட்டிக்கொண்டாள். உள்ளே போனாள். துணி விலகும் சத்தம் கேட்டது. குழல்விளக்கின் ஸ்டார்ட்டர் இரண்டு முறை துடித்து எரிந்தது.  குப்பியை எடுப்பதும், வைப்பதும், அடுத்ததை எடுப்பதுமாக இருந்தாள். ஒன்றைக்கூட விடாமல் பார்க்கிறாள் என்று தெரிந்தது. மதாம் சுவரில் கை வைத்துக்கொண்டு, செருப்போடு, வாசலுக்கு வெளியிலேயே நின்றார்.

"மதாம்" என்று உள்ளிருந்து குரல் வந்தது. "ஓரமா ரெண்டு மூணு கறுத்துட்டுது. மத்ததுங்க பால் மாதிரி இருக்குது. வந்து பாருங்க."

மதாம் செருப்பைக் கழற்றினார்.